நேற்று எத்தனை முறை?

மதுரை வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று நான் பேச வந்திருக்கும் பொருள், சாப்பாட்டு நேரத்தில் யாரும் காதுகொடுத்துக் கேட்க விரும்பாதது. காலை உணவு முடிந்த பிறகு இந்த உரையை ஒலிபரப்புவதாக நிலையத்தார் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முதலில் அவர்களுக்கு நன்றி. குடல் நோய்களைப் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் மலத்தைப் பற்றிக் கேட்பதும் பேசுவதும் என் அன்றாடத் தொழில். என் வீட்டார் அதற்குப் பழகிவிட்டார்கள். நேயர்களாகிய நீங்களும் சற்று நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்ப் பக்கத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் மூன்று பெயர்கள் எல்லோருக்கும் தெரியும்: ஆபரேஷன், கரண்ட், கீமோ. சில ஆண்டுகளாக நான்காவதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. மருத்துவர்கள் அதை இம்யூனோதெரபி என்கிறார்கள். எதிர்ப்பாற்றல் சிகிச்சை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை எடுத்துக்கொண்டிருக்கும் நோயாளியைக் கேட்டால் பெரும்பாலும் ‘கீமோ ஏத்துறாங்க’ என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதுவும் நரம்பில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும் மருந்துதான். அதே வார்டு, அதே கட்டில், அதே செவிலியர். ஆனால் இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால் வரும் கேடு சிறியதன்று. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கீமோ மருந்து புற்றணுக்களை நேரடியாகத் தாக்குகிறது. எதிர்ப்பாற்றல் சிகிச்சை புற்றைத் தொடுவதே இல்லை. அது நம் உடலின் காவல் அணுக்களைத் தூண்டிவிடுகிறது. டி அணுக்கள் எனப்படும் அந்தக் காவல் அணுக்கள் கிருமிகளையும், கெட்டுப்போன நம் சொந்த அணுக்களையும் தேடி அழிப்பவை. அவை அளவு மீறிப் போய்விடாதபடி அவற்றின் மேற்பரப்பிலேயே சில புரதங்கள் இருந்து அடக்கி வைக்கின்றன. சிடிஎல்ஏ-4 என்றும் பிடி-1 என்றும் அவற்றுக்குப் பெயர். உழவு மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ, டி அணுவுக்கு இந்தப் புரதங்கள் அப்படி. பல புற்றுகள் சூது செய்து அந்தக் கயிற்றைத் தாமே பிடித்து இழுத்துக் காவலை நிறுத்திவிடுகின்றன. புதிய மருந்துகள் கயிற்றை அவிழ்த்துவிடுகின்றன. கயிறு அவிழ்ந்த மாடு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை முட்டி விரட்டும். சில வேளை நம் வயலிலேயே இறங்கி மேய்ந்தும் விடும். அந்தப் பன்றி விரட்டல்தான் சிகிச்சை, அந்த மேய்ச்சல்தான் பக்கவிளைவு. இரண்டும் ஒரே மாடு செய்வது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று நான் சொல்லப்போகும் மற்றவை எளிதில் விளங்கும்.

இந்த வகை மருந்துகளில் முதலாவதான, சிடிஎல்ஏ-4 கயிற்றை அவிழ்க்கும் இபிலிமுமாப் அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது; மெலனோமா என்ற தோல் புற்றுக்கு. அதைத் தொடர்ந்து 2014இல், பிடி-1 கயிற்றை அவிழ்க்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை வந்தன. இதற்கெல்லாம் அடிப்படை கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்ஜோ ஆகிய இருவருக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இவையெல்லாம் பணக்கார நாட்டுச் செய்திகள் என்று நாமும் சில காலம் ஒதுங்கியிருந்தோம், ஏனென்றால் மருந்தின் விலை அப்படி. பிறகு மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள், முற்றிய நிலையில் உள்ள தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும், புற்றுநோய்க்கான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர். இந்தச் சிறு அளவு நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 பேர். வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வாய்ப்புற்று மலிந்த நம் நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆக, மேலூரிலும் உசிலம்பட்டியிலும் சோழவந்தானிலும் இந்த மருந்து ஏறிய உடம்போடு வீட்டில் இருப்பவர்கள் இப்போது உண்டு. இந்த உரை முதலில் அவர்களுக்கு, அடுத்து அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கு.

காவல் அணுக்கள் தோலில் இறங்கினால் அரிப்பும் தடிப்பும் வரும். கல்லீரல், நுரையீரல், தைராய்டு என்று எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம். ஆனால் குடலில் இறங்குவது அதிகம். காரணம் உண்டு. நம் உடம்பின் காவல் அணுக்களில் மிகப் பெரும்பங்கு குடல் சுவரில்தான் குடியிருக்கிறது. சாப்பிடும் பொருளும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் நாள்தோறும் அதன்மேல் உரசிக்கொண்டே போகின்றன. அவற்றையெல்லாம் எதிரியென்று எண்ணாமல் பொறுத்துப்போகும்படி அந்த அணுக்கள் அடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அடக்கம் போனதும் பெருங்குடலின் உட்சுவர் சிவந்து, வீங்கி, சிலருக்குப் புண்ணாகிவிடுகிறது. இதைத்தான் பெருங்குடல் அழற்சி என்கிறோம். பிடி-1 மருந்து மட்டும் பெறுபவர்களில் நூற்றில் சிலருக்கே இந்த அழற்சி வருகிறது. இரண்டு வகை மருந்தையும் சேர்த்துப் பெறுபவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வயிற்றுப்போக்காவது வந்துவிடுகிறது.

எப்போது வரும்? இங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள். மருந்து ஏறிய மறுநாளே வந்தால் யாரும் மருந்தைச் சந்தேகிப்பார்கள். இது பெரும்பாலும் ஆறு, எட்டு வாரம் கழித்து வருகிறது. சிலருக்கு அதற்கும் முன்னால். சிலருக்குச் சிகிச்சை முழுவதும் முடிந்து, ‘இனிமேல் வரவேண்டாம், மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்று அனுப்பிய பிறகும் வருகிறது. கடைசி ஊசி போட்டபின் மருந்து பல வாரங்கள் உடம்பில் தங்குகிறது. அது அவிழ்த்துவிட்ட அணுக்களின் வேகம் அதையும் தாண்டி நீடிக்கிறது. அதற்குள் நோயாளி எத்தனையோ விருந்துகளுக்கும் திருவிழாக்களுக்கும் போய் வந்திருப்பார். வயிறு கெட்டால் பழியைப் போடுவதற்கு நம் ஊரில் பொருளுக்கா பஞ்சம்? வெயில் சூடு, கடைப் பரோட்டா, நேற்றைய குழம்பு, ஊர்த் தண்ணீர் மாறியது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அந்தக் காரணங்களை நம்பிக் கழியும் நாட்கள்தான் எனக்குக் கவலை.

நேயர்களே, இந்த நோயின் கடுமையை மருத்துவ உலகம் எப்படி அளக்கிறது தெரியுமா? மிக நவீனமான மருந்தின் பக்கவிளைவை அளக்கும் முதற்கருவி விரல்விட்டு எண்ணுவதுதான். அந்த மனிதர் வழக்கமாக ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம் கழிப்பவர், இப்போது அதைவிட எத்தனை முறை கூடியிருக்கிறது என்பதே கணக்கு. வழக்கத்தைவிட நான்குக்குக் குறைவாகக் கூடினால் முதல் படி. நான்கு முதல் ஆறு வரை கூடினால் இரண்டாம் படி. ஏழோ அதற்கு மேலோ கூடினாலும், அடக்க முடியாமல் துணியிலேயே போய்விட்டாலும், மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வந்தாலும் மூன்றாம் படி. உயிருக்கே ஆபத்து என்றால் நான்காம் படி. இந்தப் படியை வைத்துத்தான் ஊசியைத் தொடர்வதா நிறுத்துவதா, மாத்திரை போதுமா படுக்கையில் சேர்ப்பதா என்று முடிவு செய்கிறோம்.

இதில் ‘வழக்கத்தைவிட’ என்ற சொல்லை மீண்டும் கவனியுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை போகிறவருக்கு ஒரு நாளில் ஐந்து முறை என்பது வேறு. எப்போதுமே நாளுக்கு மூன்று முறை போகிறவருக்கு ஐந்து முறை என்பது வேறு. நோயாளியின் வழக்கம் என்ன என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்டால் என்ன பதில் வருகிறது? ‘அப்பப்ப போகுது’, ‘நாலஞ்சு தடவ இருக்கும்’, ‘நேத்து ரொம்ப, இன்னிக்குப் பரவாயில்ல’. மருமகள் அருகில் நின்றால் மாமனார் இரண்டு குறைத்துச் சொல்வார். மகன் விடுப்பு எடுத்து அழைத்து வந்திருந்தால், வந்த வரவு வீணாகக் கூடாதென்று தாய் இரண்டு கூட்டிச் சொல்வார். இதற்கெல்லாம் மருந்தாக நான் பல ஆண்டுகளாக ஒன்றையே சொல்லி வருகிறேன். என் உதவி மருத்துவர்கள் என் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிச் சிரிப்பதும் எனக்குத் தெரியும். முதல் ஊசி போடுவதற்கு முன்பே ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு உங்கள் வழக்கத்தை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் எழுதுங்கள்.

இந்த நோட்டை எனக்குக் கற்பித்தவர் ஒரு நோயாளி. அவர் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரைக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர்களுக்குப் போகும் வண்டியில் பணிக்காலம் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். நுரையீரல் புற்றுக்கு அவருக்குப் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘வயிற்றாலே போனால் உடனே சொல்லுங்கள்’ என்று செவிலியர் வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கையை அவரிடமும் சொல்லியிருக்கிறார். எல்லோரும் தலையாட்டுவார்கள். இவர் மட்டும், ‘எத்தனை தடவை போனால் சொல்லணும்மா?’ என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கணக்கெழுதிப் பழகிய மனிதருக்குத் தொகையில்லாத பேச்சு பிடிக்கவில்லை. அன்றே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, நேரம், அளவு, தண்ணீராகவா கட்டியாகவா, சளி உண்டா, ரத்தம் உண்டா என்று பத்தி பிரித்துவிட்டார். பத்திகளை யாரும் சொல்லித் தரவில்லை. ரத்தம் என்ற பத்தி நெடுநாள் வெறுமையாகவே கிடந்தது.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கச் சொந்தபந்தமெல்லாம் அவருடைய மகள் வீட்டில் கூடியிருக்கிறது. பந்தலுக்குப் பந்தல் நீர்மோர், பானகம். வீட்டில் பெரிய சமையல். இரண்டு நாள் கழித்து அவருக்கு வயிறு கழியத் தொடங்கியது. எல்லோருக்கும் காரணம் தெளிவாகிவிட்டது. பந்தலில் குடித்த பானகம்தான் என்றார் மகள். கறிக்குழம்பு என்றார் சம்பந்தி. மாதுளம் பிஞ்சை மோரில் அரைத்துக் கொடுத்தார் அவர் மனைவி. மருமகன் மெடிக்கலில் சொல்லி நான்கு மாத்திரை வாங்கி வந்துவிட்டார். நடத்துநர் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நோட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். வழக்கம் நாளுக்கு ஒன்று. நேற்று ஐந்து, இன்று ஆறு. அதில் இரண்டு நள்ளிரவுக்கு மேல், தூக்கத்திலிருந்து எழுப்பியவை. பிறகு, தன்னோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை முதல் வண்டியில் ஏறி என் முன்னால் வந்து உட்கார்ந்து, ‘சாப்பாட்டுக் கோளாறுன்னா வண்டியில இருக்கிற எல்லாருக்கும்ல வரணும் டாக்டரம்மா? எனக்கு மட்டும் எப்படி?’ என்று கேட்டார். தொற்றுநோய் பற்றிய பாடநூலில் ஒரு அத்தியாயத்தை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நோட்டின் உண்மையான பயன் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரைச் சேர்த்தபோது கணக்கு எட்டு ஆகியிருந்தது; ரத்தப் பத்தியிலும் முதல் குறி விழுந்திருந்தது. சோதனைகளுக்குப் பிறகு ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியாகத் தொடங்கினோம். மூன்றாம் நாள் காலை அவருடைய மகன் மலர்ந்த முகத்தோடு, ‘அப்பா நல்லாத் தேறிட்டாரு, ராத்திரி நல்லாத் தூங்குனாரு’ என்றார். முகத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஸ்டீராய்டு கொடுத்தால் முகத்தில் ஒரு தெளிவு வருவதுண்டு. நடத்துநர் ஒன்றும் சொல்லாமல் நோட்டை நீட்டினார். எட்டு, எட்டு, ஏழு. அதாவது மருந்து கேட்கவில்லை. அன்று மாலையே அடுத்த மருந்துக்குப் போனோம். அந்த எண்கள் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் பார்ப்போம் என்றுதான் எந்த மருத்துவரும் சொல்லியிருப்பார், புண்பட்ட குடலோ அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாதது.

சரி, மருந்துக் கடை விவகாரத்துக்கு வருகிறேன். இந்தச் சிகிச்சையில் இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாதவை மூன்று. லோபரமைடு என்ற, போக்கை நிறுத்தும் மாத்திரை முதலாவது. அது எண்ணிக்கையைத்தான் குறைக்கும், அழற்சியைத் தொடாது. உள்ளே எரிந்துகொண்டிருக்க, வெளியே கணக்கு நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும். வலிக்காக மார்ஃபின் எடுப்பவர்களுக்கும் இந்த மறைப்பு நேர்கிறது. மார்ஃபினால் குடல் மந்தமாவதால் நான்கு முறை போக வேண்டியது இரண்டாகத் தெரியும். ஆகவே மார்ஃபின் எடுப்பவர் சிறு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாவது, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். இவை குடலை மேலும் புண்ணாக்கக்கூடியவை. மூன்றாவது, பேதி என்றதும் கேட்காமலே எடுத்துத் தரப்படும் ஆன்டிபயாட்டிக். தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழிக்கிறது. அவை குறைந்தால் புற்றுக்கு எதிரான இந்தச் சிகிச்சையின் பலனே குறையக்கூடும் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

மருத்துவரிடம் போகும்போது முதல் சொல்லாக, ‘நான் இம்யூனோதெரபியில் இருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். மருந்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு சொன்னேனே, கீமோ என்ற குழப்பம், அது இங்கேதான் வினையாகிறது. கீமோவால் வரும் பேதிக்குப் பெரும்பாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் போக்கை நிறுத்தும் மாத்திரையும் போதும், சில நாளில் தானே அடங்கும். எதிர்ப்பாற்றல் சிகிச்சையால் வரும் அழற்சி தானே அடங்குவது குறைவு. அடக்காமல் விட்டால், அரிதாகவே என்றாலும், குடல் ஓட்டையாகும் வரை போகும். இரவில் ஊர் மருத்துவரிடம் போய்க் ‘கீமோ எடுக்கிறேன்’ என்று மட்டும் சொன்னால், அவர் கொடுக்கும் மருந்து அவர் கேட்ட செய்திக்குச் சரியானதாகவே இருக்கும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். முதலில் மலத்தைச் சோதிப்போம். இது முக்கியம், நம் ஊரில் இன்னும் முக்கியம். ஏனெனில் இந்தச் சிகிச்சையில் இருப்பவருக்கும் சாதாரண அமீபா வரலாம், பாக்டீரியா வரலாம். ஏற்கனவே ஆன்டிபயாட்டிக் எடுத்தவருக்கு குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி வரலாம். அமீபாப் புண்ணோடு இருப்பவருக்கு அறியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற ஒரு சிறு புழு உண்டு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர்களின் தோல் வழியாக நுழைந்து, எந்தத் தொந்தரவும் தராமல் பல ஆண்டுகள் குடலில் இருக்கும். ஸ்டீராய்டு ஏறியதும் பெருகி உடம்பெங்கும் பரவிவிடும். சோழவந்தான் பக்கம் கொடிக்காலிலும் வயலிலும் வேலை பார்த்த பெரியவர்கள், கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுங்கள். ஐவர்மெக்டின் என்ற மாத்திரையால் அதை முன்கூட்டியே ஒழித்துவிடலாம். மேலைநாட்டு வழிகாட்டி நூல்களில் இது ஓர் ஓரத்தில் இருக்கும். நமக்கு இது முதல் பக்கம் என்பது என் கருத்து.

அடுத்து, மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற பொருளின் அளவைப் பார்ப்போம். குடலில் அழற்சி இருந்தால் அது ஏறும். பிறகு, சிறு குழாய் வழியாகப் பெருங்குடலைப் பார்ப்பது. இதற்குப் பலர் அஞ்சுகிறார்கள். இந்த நோய் ஏறத்தாழ எல்லோருக்கும் பெருங்குடலின் இடப்பக்கத்தைத் தொட்டே வருகிறது. ஆகையால் பெரும்பாலும் முழுக் குடலையும் பார்க்க வேண்டியதில்லை, கீழ்ப்பகுதியை மட்டும் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். கண்ணுக்குக் குடல் நன்றாகவே தெரிந்தாலும் மிளகளவுகூட இல்லாத சதைத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே தீர வேண்டும். அழற்சி அதில் மட்டும் தெரிகிறவர்களும் உண்டு. ஆழமான புண்கள் தெரிந்தால், ஸ்டீராய்டு மட்டும் போதாமல் போகலாம் என்று அன்றே கணித்துவிடலாம். அதோடு, காசநோய் உண்டா, மஞ்சள் காமாலையின் பி வகை வைரஸ் உண்டா என்பதற்கும் ரத்தமும் நெஞ்சுப் படமும் எடுப்போம். உலகிலேயே காசநோயாளிகள் மிகுதியாக உள்ள நாடு நம் நாடு. முன்பு எப்போதாவது தோப்பூர் காசநோய் ஆசுபத்திரியில் தங்கி மருந்து எடுத்தவர்கள், அது எத்தனை ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த கட்ட மருந்துகளில் ஒன்று உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியது.

இனி மருந்து. முதல் படி என்றால் உணவும் நீரும் கவனித்து, கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டாம் படிக்குப் புற்றுநோய் ஊசியைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 மில்லிகிராம். மூன்றாம் படிக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை, பெரும்பாலும் படுக்கையில் சேர்த்து நரம்பு வழியாக.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்கள் உண்டு. உடம்பு ஊதிவிடும், எலும்பு உருகிவிடும் என்பார்கள். அந்த அச்சம் முழுவதும் பொய்யன்று. சர்க்கரை ஏறும், சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் கூட்ட வேண்டிவரும். தூக்கம் கெடும். கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்துக் கொடுப்போம். வாரக்கணக்கில் நீண்டால் நுரையீரலில் ஒரு வகைத் தொற்று வராமல் இருக்கத் தடுப்பு மாத்திரையும் கொடுப்போம். ஆனால் நோயாளிகள் கேட்கும் பெரிய கேள்வி வேறு: ‘காவல் அணுக்களை எழுப்பத்தானே இவ்வளவு செலவு செய்தோம், அதை மறுபடி அடக்கினால் புற்று திரும்ப வளராதா?’ நியாயமான கேள்வி. பக்கவிளைவுக்காக ஸ்டீராய்டு எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், அதனால் புற்றுநோய்ச் சிகிச்சையின் பலன் பறிபோனதாகத் தெரியவில்லை. நீண்ட காலம் மிகையாகக் கொடுப்பதில்தான் தீங்கு அதிகம். அதனால்தான் கேட்காத ஸ்டீராய்டை இழுத்துக்கொண்டே போகாமல், 3 முதல் 5 நாளுக்குள் முடிவெடுக்கிறோம்.

கேட்டுவிட்டால், அதன்பின் மெல்ல மெல்ல 4 முதல் 6 வாரத்தில் குறைக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். பத்தாம் நாள் வயிறு நன்றாகிவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்கள் அநேகம். நோய் திரும்பிவிடும், அதைவிட மோசமாக, உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்னும் சுரக்கத் தொடங்கியிராததால் ஆள் மயங்கி விழவும் கூடும். குறைக்கும் நாட்களிலும் அந்த நோட்டு எழுதப்பட வேண்டும். எண்ணிக்கை கூடிய அன்றே தெரிந்தால் மாத்திரை அளவைச் சற்று ஏற்றிச் சரிசெய்துவிடலாம்.

ஸ்டீராய்டு கேட்காதவர்களுக்கு இரண்டு மருந்துகள் உண்டு. இன்ஃப்ளிக்சிமாப், கிலோவுக்கு 5 மில்லிகிராம். முதல் நாள், 2ஆம் வாரம், 6ஆம் வாரம் என்று நரம்பு வழியாக. விரைவாகக் கேட்கும். அதற்கு ஒத்த மருந்துகள் இப்போது நம் நாட்டிலேயே தயாராகின்றன. காசநோயை எழுப்பிவிடக்கூடியது என்று முன்பு சொன்னது இதைத்தான். குடலில் ஓட்டை விழுந்திருந்தால் கொடுக்கக் கூடாது. கல்லீரலும் அழற்சியில் இருந்தால் தவிர்க்கிறோம். மற்றொன்று வெடோலிசுமாப், எல்லோருக்கும் 300 மில்லிகிராம், அதே இடைவெளியில். டி அணுக்கள் ரத்தத்திலிருந்து குடல் சுவருக்குள் நுழையும் வாசலை மட்டும் அது அடைக்கிறது. உடம்பின் மற்ற இடங்களில் காவல் அப்படியே இருக்கும் என்பதால் எனக்கு அதன்மேல் விருப்பம் அதிகம். வேலை செய்யச் சற்று நாள் பிடிக்கும், விலையும் கூட. நம் நடத்துநருக்கு நெஞ்சுப் படமும் ரத்தச் சோதனையும் சுத்தமாக இருந்ததால் இன்ஃப்ளிக்சிமாப் கொடுத்தோம். நோட்டில் அதற்கு அடுத்த வரிகள் ஆறு, நான்கு, இரண்டு என்று இறங்கின. மருந்து ஏறிய நேரத்தையும் பாட்டில் எண்ணையும் அதே நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார், யாரும் கேட்கவில்லை.

இவ்விரண்டும் கேட்காத அரிதான சிலருக்கு, நலமாக இருக்கும் ஒருவரின் மலத்திலிருந்து பிரித்த நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்திக் குணப்படுத்தியதை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவர்கள் 2018இல் வெளியிட்டார்கள். இதைப் பற்றி விரிவாகப் பேச ஆசைதான், ஆனால் கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிவதாகக் கை காட்டுகிறார்கள்.

ஆகவே மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே மாத்திரை போட்டு இதைத் தடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். பியூடிசோனைட் என்ற குடல் ஸ்டீராய்டை முன்னதாகவே கொடுத்துப் பார்த்த ஆய்வில் பயன் கிடைக்கவில்லை. நிறுத்திய புற்றுநோய் ஊசியை மறுபடி தொடங்கலாமா? இபிலிமுமாப் வகையால் மூன்றாம் படி வரை போனவருக்கு அந்த வகை மீண்டும் கிடையாது. பிடி-1 வகையை, வயிறு அடங்கி, ஸ்டீராய்டு நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் வந்தபின், முடிந்தால் கால்ப்ரொடெக்டின் இறங்கியதையும் பார்த்து, பலருக்கும் தொடங்கலாம். மூன்றில் ஒருவர் அளவுக்கு அழற்சி திரும்புவதால், சிலருக்கு வெடோலிசுமாபையும் சேர்த்துக்கொண்டே தொடங்குகிறோம். இதை முடிவு செய்வது புற்றுநோய் மருத்துவரும் குடல் மருத்துவரும் சேர்ந்து. உணவைப் பற்றிப் பத்து நிமிடம் பேச எழுதி வைத்திருந்தேன்: உப்பிட்ட அரிசிக் கஞ்சி, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு பெரிய பொட்டலம் ஓஆர்எஸ், இளநீர் நல்லது ஆனால் அதில் உப்புக் குறைவு, பாலும் காரமும் எண்ணெய்ப் பண்டமும் அடங்கும்வரை வேண்டாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அதனாலும் வயிறு கழியலாம் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். விடாத வயிற்று வலி, வயிறு கல்போல் இறுகுதல், ரத்தம், காய்ச்சல், தலைசுற்றல் இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம், விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 108ஐ அழையுங்கள், அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.